174 + 252: சென்னை விரிந்த கணக்கு

2011 அக்டோபர் வரை சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டர். 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் என 42 உள்ளாட்சிகள் சேர்ந்த பிறகு அது 426. புதிதாக வந்த 252 ச.கி.மீ. பழைய நகரத்தைவிட 78 ச.கி.மீ. பெரியது. மக்கள்தொகைக் கணக்கு வேறு. அதே ஆண்டுக் கணக்கெடுப்பில் பழைய நகரத்தில் 46.47 லட்சம் பேர். சேர்ந்த பகுதிகளில் சுமார் 20 லட்சம். ஆக, இன்றைய பரப்பில் 59 சதவீதமும் அன்றைய மக்களில் 30 சதவீதமும் இணைப்பின் வழியே வந்தவை. அடுத்து தாம்பரத்தையும் ஆவடியையும் சென்னையோடு சேர்த்துவிடலாமே என்பவர்கள் முதலில் இந்தப் பழைய கணக்கைப் பார்ப்பது நல்லது.

வார்டுகள் 155இலிருந்து 200 ஆயின. பார்வைக்கு 45 கூடுதல். ஆனால் பழைய நகரத்துக்கு மிஞ்சியது 107. அதாவது 48 குறைவு, 31 சதவீத இழப்பு. முன்பு சராசரியாக 30,000 பேருக்கு ஒரு கவுன்சிலர். பிறகு 43,400 பேருக்கு ஒருவர். சேர்ந்த பகுதிகளின் 93 வார்டுகளில் இந்தச் சராசரி 22,000க்கும் கீழே. மக்கள்தொகையை மட்டும் வைத்துப் பிரித்திருந்தால் பழைய நகரத்துக்கு ஏறக்குறைய 139 வார்டுகள் வந்திருக்கும். பரப்பையும் பார்த்தால் நியாயம் கொஞ்சம் மாறும்: பழைய நகரத்தில் ஒரு வார்டு சராசரியாக 1.63 ச.கி.மீ., புதிய பகுதியில் 2.71 ச.கி.மீ. எங்கள் அசோக் நகர் அடங்கிய 10ஆவது மண்டலமான கோடம்பாக்கத்துக்கு 127 முதல் 142 வரை 16 வார்டுகள். மேற்கே அடுத்திருக்கும் 11ஆவது மண்டலமான வளசரவாக்கத்துக்கு 143 முதல் 155 வரை 13.

அந்தக் கவுன்சிலர்களும் தொடர்ந்து பதவியில் இருக்கவில்லை. 2011இல் தேர்வான மன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில் நடந்து, மார்ச்சில் புதிய மன்றம் பதவியேற்றது. இடைப்பட்டது 64 மாதங்கள். இணைப்புக்குப் பிந்தைய முதல் 124 மாதங்களில் பாதிக்கும் மேல், 426 ச.கி.மீ. நகரம் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு கவுன்சிலர்கூட இல்லாமல் அதிகாரிகளால் நடத்தப்பட்டது. இணைப்பைப் பற்றிய எந்தத் தீர்ப்பும் இந்த 64 மாதங்களைக் கழித்த பிறகே சரியாக இருக்கும்.

ஒரே மாநகராட்சி என்றால் ஒரே வரி என்று நினைப்போம். 2022இன் சொத்து வரி உயர்வு அப்படி இல்லை. 601 முதல் 1,200 சதுர அடி வரையுள்ள குடியிருப்புக்குப் பழைய நகரத்தில் 75 சதவீத உயர்வு. 2011இல் சேர்ந்த பகுதிகளில் 50 சதவீதம். அரையாண்டுக்கு 1,000 ரூபாய் கட்டிவந்த வீட்டை எடுத்துக்கொள்வோம்: அசோக் நகரில் அது 1,750 ரூபாய் ஆனது, வளசரவாக்கத்தில் 1,500. 1,800 சதுர அடிக்கு மேல் போனால் உயர்வு பழைய நகரத்தில் 150 சதவீதம், சேர்ந்த பகுதிகளில் 100 சதவீதம். காரணம் இருந்தது: சென்னையில் அதற்கு முந்தைய பொதுச் சீராய்வு 1998இல் நடந்தது, மற்ற உள்ளாட்சிகளில் 2008இல். ஆனாலும் இணைந்து பத்தாண்டுகளுக்கு மேல் ஆன பின்னும் வரிப் பதிவேட்டில் இரண்டு நகரங்கள் இருந்தன.

வரி இப்படி என்றால் வடிகால் எப்படி? திருவொற்றியூர், மணலி, மாதவரம், அம்பத்தூர் ஆகியவை சேர்ந்த வடபகுதிக்கான கொசஸ்தலையாறு படுகை மழைநீர் வடிகால் திட்டத்தின் மதிப்பு சுமார் 3,220 கோடி ரூபாய், நீளம் 769 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 4.2 கோடி. இதற்காக ஆசிய வளர்ச்சி வங்கியின் 25.1 கோடி டாலர் கடன் ஒப்பந்தம் 2022இன் தொடக்கத்தில் கையெழுத்தானது. இணைப்பு முடிந்து பத்தாண்டுகளுக்குப் பிறகு. இடையில் 2015 டிசம்பர் வெள்ளம் வந்துபோனது. தனி நகராட்சிகளாக நின்றிருந்தால் இவ்வளவு பெரிய கடனை அவை திரட்டியிருக்க முடியாது என்பதும் உண்மை. இணைப்புக்கு ஆதரவான கணக்குகளில் எனக்கு வலுவாகத் தெரிவது இதுதான்.

அதற்கு எதிர்க்கணக்கு ஆலந்தூர். அசோக் நகர் மெட்ரோ நிலையத்திலிருந்து இரண்டாவது நிறுத்தம். 19.5 ச.கி.மீ. பரப்பும் 2001இல் 1.46 லட்சம் மக்களும் கொண்ட தனி நகராட்சியாக இருந்தபோது, சுமார் 34 கோடி ரூபாயில் அது பாதாளச் சாக்கடைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. தலைக்கு 2,330 ரூபாய் செலவு. குடியிருப்புக்கு 5,000 ரூபாய், வணிகக் கட்டடத்துக்கு 10,000 ரூபாய் என்று மக்களே முன்பணம் கட்டினார்கள். பிறகு வீட்டுக்கு மாதம் 150 ரூபாய் கட்டணம். குழாய் பதிப்பதற்கு முன்பே 5,000 ரூபாயை எடுத்துக் கொடுக்கிற நம்பிக்கை, நகராட்சி அலுவலகம் நடந்துபோகும் தூரத்தில் இருந்ததால் வந்தது என்றே நினைக்கிறேன். ஆலந்தூர் இன்று 12ஆவது மண்டலம், 12 வார்டுகள்.

தென்சென்னையின் குப்பை சேரும் பெருங்குடியும் இந்தப் பேரேட்டில் இடம்பெற வேண்டும். 2011 வரை பெருங்குடி ஒரு பேரூராட்சி. அதன் ஓரத்துச் சதுப்பில் குப்பையைக் கொட்டிய மாநகராட்சியின் மன்றத்தில் அந்த ஊருக்கு ஓர் இருக்கைகூட இல்லை. இப்போது 14ஆவது மண்டலத்தில் 11 வார்டுகள். எங்கள் வீட்டுக் குப்பையைச் சுமந்த ஊருக்கு மன்றத்தில் குரல் கிடைத்ததை நான் வரவாகவே எழுதுவேன்.

இனி தாம்பரம். 2021 நவம்பரில் 5 நகராட்சிகளும் 5 பேரூராட்சிகளும் சேர்ந்து மாநகராட்சியானது. ஏறத்தாழ 88 ச.கி.மீ., 70 வார்டுகள். 2019இல் மாநகராட்சியான ஆவடி 65 ச.கி.மீ., 48 வார்டுகள். 2011 கணக்குப்படி ஆவடியில் 3.46 லட்சம் பேர், அதாவது வார்டுக்கு 7,200. தாம்பரப் பகுதியில் 7 லட்சத்துக்கு மேல், வார்டுக்குச் சுமார் 10,000. சென்னையில் அதே கணக்கு சுமார் 33,000. மூன்றையும் சேர்த்தால் 579 ச.கி.மீ. வார்டுகள் 200 என்றே நின்று, மக்கள்தொகைப்படி பிரிந்தால், தாம்பரத்தின் 70 வார்டுகள் 18 அல்லது 19 ஆகும். ஆவடியின் 48, 9 ஆகும். வார்டுகளைக் கூட்டலாம். ஆனால் ஆவடியின் இன்றைய சராசரியை எல்லோருக்கும் கொடுக்க 1,000க்கும் மேற்பட்ட கவுன்சிலர்கள் வேண்டும்.

மற்ற நகரங்கள் ஒரே திசையில் போகவில்லை. டெல்லி மாநகராட்சி 2012இல் மூன்றாகப் பிரிந்து 2022இல் மீண்டும் ஒன்றானது. வார்டுகள் 272இலிருந்து 250 ஆயின. பெங்களூரு 2007இல் 7 நகராட்சிகள், ஒரு பேரூராட்சி, 110 கிராமங்களைச் சேர்த்துக்கொண்டு, 2025 செப்டம்பரில் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்தது.

எல்லையைக் கடக்கும் வேலைகளுக்கு இணைப்பு தேவையா என்றால், சில ஏற்கெனவே கடந்துவிட்டன. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) திட்டமிடல் பரப்பு பல்லாண்டுகளாக 1,189 ச.கி.மீ.; 2022இல் 5,904 ஆக விரிக்கப்பட்டது. கோயம்பேட்டிலிருந்து அசோக் பில்லர் வழியாகத் தாம்பரம் போகும் பேருந்தும் மாநகராட்சி எல்லை பார்த்து நிற்பதில்லை. தாம்பரத்தைச் சேர்க்கும் முன், 2011இல் வந்த 8 மண்டலங்களுக்கும் பழைய 7 மண்டலங்களுக்கும் எவ்வளவு வரி வசூலானது, எவ்வளவு செலவானது என்பதை ஆண்டுவாரியாக 15 பத்திகளில் மாநகராட்சி அச்சிட்டுக் கொடுக்கட்டும். தாம்பரத்தின் 70 வார்டு மன்றம் அதைப் படித்துவிட்டு வாக்களிக்கட்டும்.