மணி அடிக்காத பள்ளி நாள்

இன்று வீட்டிலிருந்தே கற்கும் நாள். இணையப் பாடம் காலை 9 மணிக்கு. 8.50க்குக் கண் விழித்து, கட்டிலில் இருந்தபடியே மடிக்கணினியைத் திறக்கிறீர்கள். பாடத்திற்கு நடுவே பசியாறுகிறீர்கள். மாலைக்குள் கழுத்து வலிக்கிறது, கண் எரிகிறது. இரவு 12 மணி ஆகியும் தூக்கம் வரவில்லை.

இது உங்கள் வீட்டிலும் நடக்கிறதா? அம்மா இதைச் சோம்பல் என்பார். அறிவியல் இன்னொரு காரணத்தையும் காட்டுகிறது.

சிங்கப்பூர் மாணவர்கள் எல்லாரும் 2020 ஏப்ரலில் கொவிட்-19 காரணமாக வீட்டிலிருந்து படித்தார்கள். கிருமிப்பரவல் தணிந்த பிறகும் அந்த முறை முற்றாக மறையவில்லை. உயர்நிலைப் பள்ளிகளில் மாதத்திற்குச் சுமார் இரண்டு நாள் வீட்டிலிருந்து கற்கும் ஏற்பாடு 2021 முதல் படிப்படியாக வந்தது.

சாதாரணப் பள்ளி நாளை நினைத்துப் பாருங்கள். பேருந்து நிறுத்தத்திற்கு நடக்கிறீர்கள். காலைக்கூட்டத்தில் திறந்தவெளியில் நிற்கிறீர்கள். மணி அடித்ததும் படியேறி அடுத்த வகுப்புக்குப் போகிறீர்கள். இன்னொரு மணி அடித்ததும் சிற்றுண்டிச்சாலைக்கு ஓடுகிறீர்கள். எழுவது, நடப்பது, உண்பது என ஒவ்வொன்றுக்கும் வெளியிலிருந்து ஒரு தூண்டல் வந்துவிடுகிறது. வீட்டிலோ அந்த மணி அடிப்பதில்லை.

இருட்டறையில் ஒரு செடி

திடலில் தொட்டாற்சிணுங்கியைத் தொட்டு விளையாடியிருப்பீர்கள். அதன் இலைகள் பகலில் விரியும், இரவில் மூடும். 1729ல் பிரெஞ்சு வானியலாளர் ஜான் ஜாக் டி மெய்ரான் அந்தச் செடியை இருட்டில் வைத்துக் கவனித்தார். சூரிய ஒளி படாவிட்டாலும் பகல் வேளையில் இலைகள் விரிந்தன. நேரத்தை அறியும் ஏதோ ஒன்று செடிக்குள்ளேயே இருக்கிறது என்பதற்கான முதல் சான்று அது.

நமக்குள்ளும் அப்படி ஒரு கடிகாரம் உண்டு. மூளையின் அடிப்பகுதியில் சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட சிறு பகுதிதான் தலைமைக் கடிகாரம். அணுவுக்குள் இக்கடிகாரம் எப்படி ஓடுகிறது என்பதைக் கண்டறிந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ரோஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017ல் மருத்துவ நோபெல் பரிசு கிடைத்தது.

பெரும்பாலோரின் கடிகாரச் சுற்று 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமானது. ஒவ்வொரு நாளும் அதைச் சரிசெய்வது காலை வெளிச்சம். பதின்ம வயதில், தூக்கத்திற்கு உடலைத் தயார்செய்யும் மெலட்டோனின் சுரப்பு முன்பைவிடத் தாமதமாகத் தொடங்குகிறது. இந்நிலையில் காலை வெளிச்சத்தையும் தவறவிட்டு, இரவில் திரைக்கு முன் உட்கார்ந்தால் கடிகாரம் மேலும் பின்தங்கும். மறுநாள் பள்ளிக்கு எழுவது கடினமாகிவிடும். உங்கள் வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை.

கண் கேட்கும் வெளிச்சம்

விளக்கு எரியும் அறை நமக்குப் போதிய வெளிச்சமாகவே தெரியும். ஆனால் வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளந்தால் அறையில் பெரும்பாலும் சில நூறுதான் இருக்கும். வெயில் அடிக்கும் பகலில் வெளியே 10,000 லக்சைத் தாண்டும். கண் தன்னைத்தானே சரிசெய்துகொள்வதால் இந்த வேறுபாடு நமக்கு உறைப்பதில்லை.

சிங்கப்பூரில் தொடக்கநிலை 6ஐ எட்டும்போது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை உண்டு. கண்விழி அளவுக்கு மீறி நீள்வதுதான் அதற்குப் பெரும்பாலும் காரணம். வெளிப்புற ஒளி படும்போது விழித்திரையில் டோபமின் சுரந்து அந்த நீட்சியைக் கட்டுப்படுத்துகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர். நீண்ட கண்விழி மீண்டும் சுருங்குவதில்லை. அதனால்தான் வளரும் வயதில் வெளியே செலவிடும் நேரம் முக்கியமாகிறது.

திரையைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவதும் குறைகிறது. கண் உலர்ந்து எரிவது அதனால்தான். 20 நிமிடத்திற்கு ஒருமுறை, 6 மீட்டருக்கு அப்பால் உள்ள எதையாவது 20 விநாடி பாருங்கள். எதிர் புளோக்கின் கொடிக்கம்பில் காயும் துணிகூடப் போதும்.

அப்போதே எழுந்து நின்றால் கால்களுக்கும் நல்லது. காலிலிருந்து இரத்தத்தை இதயத்திற்கு மேலே தள்ள உதவுவது கெண்டைக்கால் தசை. அது சுருங்கினால்தான் தள்ளும். உட்கார்ந்தே இருந்தால் அதற்கு வேலை இல்லை.

66 நாள் கணக்கு

“எல்லாம் தெரியும், செய்யத்தான் முடியவில்லை” என்கிறீர்களா? லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். ஒவ்வொருவரும் புதிய செயல் ஒன்றை, அன்றாடம் தவறாமல் நடக்கும் ஒன்றோடு இணைத்துக்கொண்டார்கள். மதிய உணவோடு ஒரு பழம் உண்பது அப்படிப்பட்டது. யோசிக்காமலே அதைச் செய்யும் நிலையை எட்டச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளே போதுமாக இருந்தது. சிலருக்கு 254 நாள்வரை ஆகும் என்று கணக்கிடப்பட்டது. இடையில் ஒருநாள் தவறியதால் பெரிய பாதிப்பு இல்லை.

இதில் உங்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. மாதத்தில் இரண்டே நாள் செய்வது பழக்கமாக வேரூன்றாது. ஆகவே பள்ளி நாள், சனி, ஞாயிறு, விடுமுறை என்று பாராமல் எல்லா நாளும் செய்யக்கூடிய ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அது சிறியதாக இருக்கட்டும். “பல் துலக்கியதும் கீழே இறங்கி, புளோக்கை ஒரு சுற்று நடப்பேன்” என்று எழுதி ஒட்டுங்கள். “இனி நிறைய நடப்பேன்” என்று எழுதினால், எப்போது என்ற கேள்விக்குப் பதில் இருக்காது.

செய்து பாருங்கள்

1. கைத்தொலைபேசியில் வெளிச்சத்தை அளக்கும் செயலியைப் பதிவிறக்கம் செய்யுங்கள். படிக்கும் மேசை, சன்னலோரம், புளோக்கின் கீழே உள்ள நடைபாதை ஆகிய மூன்று இடங்களிலும் காலை 8 மணிக்கு அளந்து குறித்துவையுங்கள். எத்தனை மடங்கு வேறுபாடு?

2. இரண்டு வாரம், தூங்கிய நேரத்தையும் எழுந்த நேரத்தையும் எழுதுங்கள். முதல் வாரம் வழக்கம்போல் இருங்கள். இரண்டாம் வாரம் எல்லா நாளும் ஒரே நேரத்தில் எழுந்து, 15 நிமிடம் வெளியே நடங்கள். தூக்கம் வரும் நேரம் மாறியதா?

வீட்டிலிருந்து வேலை செய்யும் அப்பாவையோ அக்காவையோ இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கும் மணி அடிப்பதில்லை.