“ஒண்ணுமில்லீங்க!”

கோயமுத்தூர்ப் பக்கத்துக் குடியானவர் வீடுகளில் சாப்பிட்டவர்கள் எல்லோரும் ஒரு பொய்யைக் கேட்டிருப்பார்கள். திருவள்ளுவர்கூட மன்னித்துவிடக் கூடிய பொய்தான் அது. இலை போடும்போது அந்த வீட்டு அம்மாள் சற்றுக் கூச்சத்துடன் சொல்லுவாள்: “ஒண்ணுமே செய்யலீங்க, வெறும் அரிசிம்பருப்புத்தானுங்க!”

சென்ற ஐப்பசி மாதத்தில் இந்தப் பொய்யை நான் நேரில் கேட்டேன். பொள்ளாச்சிச் சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளியிருந்த ஒரு தோட்டத்துச் சாளை. என்னுடன் வந்த நண்பர் தஞ்சாவூர்க்காரர். அடைமழை பிடித்துக் கொண்டது; ஊர் திரும்ப வழியில்லை; மணியோ இரவு எட்டு. சொல்லாமல் கொள்ளாமல் வந்து உட்கார்ந்திருக்கும் இரண்டு பேருக்கு அந்த நேரத்தில் என்னதான் செய்ய முடியும்? உள்ளே எண்ணெயில் கடுகு வெடிக்கும் ஓசை கேட்டது. சின்ன வெங்காயமும் பூண்டும் வதங்குகிற மணம் திண்ணை வரையில் வந்து எங்களை விசாரித்துவிட்டுப் போயிற்று. ஒரு மணி நேரத்திற்குள் இலை போட்டாகிவிட்டது.

“கோவிச்சுக்காதீங்க தம்பி. நீங்க வர்றது தெரிஞ்சிருந்தா நாலு வகை வெச்சிருப்பேனுங்க” என்றார் அந்த வீட்டு மூதாட்டி.

தஞ்சாவூர் நண்பர் பதில் சொல்லவில்லை. அவருக்கு வாய் ஒழியவில்லை. மூன்றாம் முறை பரிமாறியான பிறகுதான் தலை நிமிர்ந்து, “அம்மா! இதற்கா மன்னிப்புக் கேட்டீர்கள்?” என்றார்.

“எங்க ஊட்டுச் சோறுதானுங்களே தம்பி!” என்று மூதாட்டி சிரித்தார்.

நம் வீட்டுச் சோறு என்றால் அதற்காக ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும்? இந்தக் கேள்வி மழை விட்ட பிறகும் என்னை விடவில்லை.

செய்யும் விதம்

அரிசியும் பருப்பும் என்ற பெயர்தான் பேச்சு வழக்கில் அரிசிம்பருப்பு ஆயிற்று. பெயரைச் சொன்னாலே பாதி சமையல் முடிந்துவிட்டது. மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு துவரம் பருப்பு. பருப்பு வேகத் தாமதமாகும் ஆகையால் அதைச் சற்று முன்னதாகவே ஊற வைத்துவிடுவார்கள். மிளகு, சீரகம், கொத்துமல்லி விதை, காய்ந்த மிளகாய் இவற்றைப் பூண்டுடன் கொரகொரப்பாகத் தட்டிக் கொள்ள வேண்டும். எண்ணெயில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து, உரித்த சின்ன வெங்காயத்தைத் தாராளமாகப் போட்டு வதக்கி, தக்காளி ஒன்றிரண்டும் மஞ்சள் பொடியும் தட்டிய மசாலையும் சேர்த்து, தானியத்தின் அளவுக்கு மும்மடங்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். அது கொதித்ததும் உப்பும் அரிசியும் பருப்பும் அதில் விழும். அப்புறம் அடுப்பைத் தணித்து மூடி வைப்பதுதான் வேலை. சில வீடுகளில் தேங்காய்ப் பல்லும், பருவத்தில் பச்சை மொச்சையும் சேர்ப்பதுண்டு.

இதில் புளி இல்லை. சாம்பார்ப் பொடி இல்லை. பருப்பைக் கடைந்து கரைப்பதும் இல்லை. சோறு குழைந்தும் குழையாமலும் இருக்க, பருப்பு முகம் தெரியும்படி இருக்க வேண்டும். இலையில் போட்டதும் மேலே ஒரு கரண்டி நெய். பக்கத்தில் கெட்டித் தயிரும், சுட்ட அப்பளமோ ஊறுகாயோ இருந்தால் போதும். ஒரே பானை, ஒரே அடுப்பு. குழந்தையும் தின்னலாம், பல் போன பாட்டியும் தின்னலாம்.

வைத்திய சாஸ்திரமும் இந்தச் சேர்க்கைக்கு நற்சாட்சிப் பத்திரம் கொடுத்திருக்கிறது. புரதத்தின் அங்கமாகிய லைசின் என்ற சத்து அரிசியில் குறைவு, பருப்பில் மிகுதி. மெத்தியோனின் என்ற மற்றொன்று பருப்பில் குறைவு. அரிசியில் போதிய அளவு இருக்கிறது. ஒன்றின் குறையை மற்றொன்று மறைத்துக் குடித்தனம் நடத்துகிறது. நல்ல தம்பதிகளுக்கு இதைவிட வேறென்ன லட்சணம் வேண்டும்?

பெயர் பெற்ற உறவினர்

அரிசிம்பருப்புக்குப் புகழ் பெற்ற உறவினர்கள் அநேகர். வடநாட்டுக் கிச்சடியைப் பதினான்காம் நூற்றாண்டிலேயே இபின் பதூதா என்ற மொராக்கோ நாட்டு யாத்திரிகர் உண்டு பார்த்து எழுதி வைத்துவிட்டுப் போனார். வெள்ளைக்காரர்கள் அதே கிச்சடியில் மீனையும் முட்டையையும் சேர்த்துத் தங்கள் தேசத்துக் காலை ஆகாரமாக்கிக் கொண்டார்கள். 2017-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் டில்லியில் ஒரே பாத்திரத்தில் 918 கிலோ கிச்சடி சமைத்து உலக சாதனை செய்தார்கள். மைசூர்ப் பக்கத்துப் பிஸிபேளாபாத்தோ ஓட்டல் ஓட்டலாய் ஏறிப் பட்டணங்களை ஜயித்துவிட்டது.

நம் கொங்கு நாட்டு உறவினர் மட்டும் வெகுகாலம் வீட்டை விட்டுக் கிளம்பவில்லை. இப்போதுதான் சில ஓட்டல் பட்டியல்களில் கூச்சத்துடன் தலை காட்டுகிறார். இந்தக் கூச்சத்துக்குக் காரணம் அறிய வேண்டுமானால் கொங்கு நாட்டு மண்ணைக் கேட்க வேண்டும்.

நெல் என்னும் விருந்தாளி

கொங்கு நாட்டில் ஒருவர், “காட்டுக்குப் போகிறேன்” என்றால் அவர் வனவாசம் போகிறார் என்று அர்த்தமல்ல, உழுவதற்குப் போகிறார். மழையை நம்பிய புன்செய் நிலத்துக்கு அங்கே காடு என்று பெயர். கிணற்றுப் பாசனம் உள்ளது தோட்டம். ஆற்று நீரும் வாய்க்கால் நீரும் பாய்வதுதான் வயல். அந்த வயல் சொற்பம். மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவ மழையைத் தடுத்துவிடுவதால், கோயமுத்தூர்ச் சமவெளியில் வருஷத்துக்கு ஏறக்குறைய 700 மில்லிமீட்டர் மழைதான். சென்னையில் பெய்வதில் இது பாதி. நொய்யல், பவானி, அமராவதி, காவிரிக் கரைகளிலும், பதின்மூன்றாம் நூற்றாண்டில் காலிங்கராயர் வெட்டிய வாய்க்காலை ஒட்டியும் நெல் விளைந்தது. மற்ற இடமெல்லாம் கம்பு, சோளம், ராகி, சாமை. 1800-ம் வருஷத்தில் இந்தப் பக்கம் பிரயாணம் செய்த பிரான்ஸிஸ் புக்கானன் என்பவர் 1807-ல் வெளியிட்ட புத்தகத்திலும் இந்தப் புன்செய்த் தானியங்களைப் பற்றி விவரமாகக் காணலாம்.

ஆகவே, கொங்கு நாட்டுச் சாதாரணக் குடியானவன் வீட்டில் நெல்லஞ்சோறு என்பது பொங்கலுக்கும் தீபாவளிக்கும், சம்பந்தி வந்த நாளுக்கும் உரியது. மற்ற நாட்களில் கம்மஞ்சோறும் ராகிக் களியுமே. ஆனால் துவரை அப்படியல்ல. கம்புக்கும் சோளத்துக்கும் நடுவே ஊடுபயிராக அது சொந்தக் காட்டில் விளைந்தது. பருப்பு வீட்டுப் பிள்ளை, அரிசி விருந்தாளி. அருமையாக வந்த விருந்தாளியை வீட்டுப் பிள்ளையோடு ஒரே பானையில் உட்கார வைத்ததுதான் அரிசிம்பருப்பு என்று எனக்கு எண்ணத் தோன்றுகிறது.

விருந்தாளி பிறகு வீட்டுக்காரனே ஆகிவிட்டான். 1955-ல் பவானிசாகர் அணை கட்டி முடிந்தது. 1960-களில் பரம்பிக்குளம்–ஆழியாறு நீர் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கங்களுக்கு வந்தது. 1967-ல் அண்ணாதுரை அவர்களின் அரசாங்கம் ரூபாய்க்கு ஒரு படி அரிசி வழங்கத் தொடங்கியபோது, முதலில் தேர்ந்தெடுத்த இரண்டு நகரங்களில் ஒன்று சென்னை, மற்றொன்று கோயமுத்தூர். 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி விலையில்லாமலே கிடைக்கிறது. ஆராய்ச்சியிலும் நெல்லுக்கே முதல் மரியாதை நடந்தது. கோயமுத்தூர் விவசாயக் கல்லூரியில் நெல்லுக்கு 1912-ல் தனி ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. கம்பும் சோளமும் தங்கள் முறை வர 1923 வரையில் காத்திருந்தன.

இப்படியாகத்தான் பண்டிகைச் சோறு அன்றாடச் சோறாயிற்று. அன்றாடமானதும் அதன் பெருமையும் போயிற்று. தினமும் வருகிறவனுக்கு யார் மாலை போடுகிறார்கள்?

உலக்கை சொல்லும் நியாயம்

“ஆகையால் அரிசியை விட்டுவிட்டுக் கம்புக்குத் திரும்புவோம்” என்று சிலர் மேடையில் பேசுகிறார்கள். பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஆண் மக்கள். அவர்களிடம் ஓர் உலக்கையைக் கொடுத்துவிட்டுப் பிறகு பேசச் சொன்னால் நன்றாயிருக்கும்.

கம்மஞ்சோறு ஆக்குவது எளிதான காரியமல்ல. கம்பை நீர் தெளித்துப் பிசறி, உரலிலிட்டு இடித்து, முறத்தில் புடைத்து உமியைப் போக்க வேண்டும். திரும்ப இடித்து நொய்யாகவும் மாவாகவும் பிரிக்க வேண்டும். பிறகு கொதிக்கும் உலையில் இட்டுக் கட்டி விழாமல் துடுப்பால் கிளற வேண்டும். பகலெல்லாம் காட்டில் களை எடுத்துவிட்டு வந்த பெண்தான் இவ்வளவும் செய்தாள்.

1888-ல் கோயமுத்தூரில் ஸ்டேன்ஸ் பஞ்சாலை தோன்றியது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் ஆலைகள் பெருகின. சங்கு ஊதும் நேரத்துக்குச் சாப்பாடு ஆகவேண்டும் என்ற காலம் வந்தது. முறை வேலை முடிந்து வந்த பெண்ணுக்கு உலக்கை எங்கே, ஒரே பானையில் வெந்துவிடும் அரிசிம்பருப்பு எங்கே! அரிசி ஜயித்ததற்கு நாகரிக மோகம் மட்டும் காரணமல்ல. பெண்களின் தோள் வலியும் ஒரு காரணம். அதை மறந்துவிட்டுக் கம்பின் பெருமை பேசுவது நியாயமாகாது.

ஆனால், நேயர்களே, அந்த நியாயத்துக்கும் இப்போது காலம் கடந்துவிட்டது. கம்பைத் தீட்டவும் உடைக்கவும் இன்று இயந்திரங்கள் இருக்கின்றன. ஆட்டுக்கல்லிலிருந்து பெண்களை விடுவித்த வெட் கிரைண்டருக்குக் கோயமுத்தூரின் பெயராலேயே புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. கம்பை ஒதுக்குவதற்கு உலக்கை இனிமேல் காரணமாகாது. அப்படியானால் மிச்சமிருக்கும் காரணம் என்ன?

மறுநாள் காலை

அதை மறுநாள் காலையில் அந்தச் சாளையிலேயே கண்டேன். எங்களுக்கு இட்டிலியும் சட்டினியும் வந்தன. கை கழுவக் கொல்லைப் பக்கம் போன நண்பர், சமையற்கட்டின் வாசலில் நின்றுவிட்டார். உள்ளே அந்த மூதாட்டி ஒரு வட்டிலில் கம்மஞ்சோற்றை மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக் கொண்டு குடித்துக் கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் வட்டிலை முந்தானையால் மறைத்தார்.

“எங்களுக்கு ஏன் அதைக் கொடுக்கவில்லை?” என்று நண்பர் கேட்டார்.

“ஐயோ! இது உங்களுக்கு ஆகாதுங்க தம்பி. வந்தவங்களுக்கு இதைக் கொடுத்தா ஊர்ல என்னன்னு பேசுவாங்க?”

இரவு அரிசிம்பருப்புக்கு மன்னிப்பு. காலையில் கம்மஞ்சோற்றுக்கு முந்தானை! இந்தியா எடுத்துச் சொல்ல, ஐக்கிய நாடுகள் சபை 2023-ம் வருஷத்தைச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. பட்டணத்து ஓட்டல்களில் கம்பங்கூழை மண் குவளையில் ஊற்றி நல்ல விலைக்கு விற்கிறார்கள். ஆனால் அதைப் பிறந்தது முதல் குடித்து, எழுபது வயதிலும் தோட்டத்து வேலை பார்க்கும் மூதாட்டிக்கு மட்டும் அது மறைக்க வேண்டிய பண்டமாக இருக்கிறது. வெட்கத்தை அவருக்குக் கற்றுக் கொடுத்தவர்கள் யார்? இட்டிலியைத் தின்றுவிட்டு “பேஷ்!” என்றும், கூழைக் கண்டால் முகத்தைச் சுளித்தும் வந்த விருந்தாளிகளாகிய நாம்தான்.

அன்னிய ஆட்சி போன பிறகும் நம் மனத்தில் சில ஆட்சிகள் போகவில்லை. அயலார் மெச்சினால்தான் நம் வீட்டுப் பண்டம் பண்டம் என்று எண்ணுவது அவற்றில் ஒன்று. அதை ஒழிப்பதற்குச் சட்டசபை கூட வேண்டியதில்லை. வீட்டிலேயே செய்து விடலாம். அடுத்த முறை உங்கள் பாட்டியார் அரிசிம்பருப்பு ஆக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, கைப்பிடி எத்தனை, தண்ணீர் எவ்வளவு என்று கேட்டு ஒரு காகிதத்தில் எழுதிக் கொள்ளுங்கள். அவருடைய கைக்குத் தெரிந்த அளவு எந்தப் புத்தகத்திலும் இல்லை. வாரத்தில் ஒரு நாளாவது கம்பையும் அடுப்பில் ஏற்றுங்கள். அன்றைக்குக் கிளறும் துடுப்பு வீட்டு ஆண்பிள்ளையின் கையில் இருக்கட்டும்.

அன்று காலையில் என் நண்பர் பிடிவாதமாக உட்கார்ந்து ஒரு வட்டில் கம்மஞ்சோறு வாங்கிக் குடித்தார். அதை முடித்துவிட்டு வட்டிலை மறுபடியும் நீட்டினார். மூதாட்டி அவரைச் சந்தேகத்துடன் பார்த்தார். அப்புறம் பானையைப் பார்த்தார்.

“ஒண்ணுமில்லீங்களே தம்பி!” என்றார்.

இந்தத் தடவை அது பொய்யல்ல. பானை உண்மையிலேயே காலியாகிவிட்டது.