வாசற்படியில் தொடங்கும் வைத்தியம்

அனகாபுத்தூரில் அடையாற்றை ஒட்டிய தெருக்களில் நடந்தால், புதிதாகக் கட்டிய வீடுகள் எல்லாம் தெருவிலிருந்து இரண்டரை அடி, மூன்றடி உயரத்தில் நிற்பதைப் பார்க்கலாம். 2015 டிசம்பரில் ஆறு வீட்டுக்குள் வந்ததைப் பார்த்தவர்கள் அஸ்திவாரத்தைத் தூக்கிக் கட்டாமல் வேறு என்ன செய்வார்கள்? பழைய வீட்டுக்காரர்களில் வசதி உள்ளவர்கள் ஜாக்கி வைத்து வீட்டையே உயர்த்துகிறார்கள். இது போதாதென்று, சாலை போடும்போதெல்லாம் தெருவும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே வருகிறது.

உயர்ந்த வீட்டுக்குள் போக வாசலில் நாலு படி. அரை கிரவுண்டு மனையில் இடம் ஏது? அதனால் படி ஒவ்வொன்றும் எட்டு, ஒன்பது அங்குல உயரம். பாதம் முழுதாகப் பதியாத அகலம். பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்காது. படியை ஒட்டியே சாக்கடை மூடி. எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் அந்தப் படியில் இறங்க, ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டு, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து நின்று நின்று வருவார். ஒரு நாள் சறுக்கும். அதற்குப் பிறகு வரமாட்டார். வெள்ளத்தை வெளியே நிறுத்திய படி, பெரியவரை உள்ளே நிறுத்திவிடுகிறது.

தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் 60 வயதைத் தாண்டியவர்கள் 2021-இல் 13.6 சதவீதம், 2031-இல் 18.2 சதவீதம் என்பது மத்திய அரசின் கணிப்பு. கேரளத்துக்கு அடுத்து நாம்தான். பிள்ளைகள் வேலைக்காக வேறு ஊரில் இருக்க, இரண்டு பேராகவோ தனியாகவோ வாழும் பெரியவர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். அவர்கள் எவ்வளவு காலம் சொந்த வீட்டில், சொந்த இஷ்டப்படி இருக்க முடியும் என்பதைத் தீர்மானிப்பதில், ஆஸ்பத்திரிக்கு இருக்கும் பங்கைவிட இந்த மாதிரிப் படிகளுக்கும் குளியலறைக்கும் தொடைத் தசைக்கும் பங்கு அதிகம் என்பது என் எண்ணம். அதற்கு விஞ்ஞானத்தின் ஆதரவும் இருக்கிறது.

முதலில் தொடைத் தசை. அனகாபுத்தூர் நெசவாளர் ஊர். வாழை நாரில் சேலை நெய்து பேர் வாங்கிய ஊர். குழித்தறியில் உட்கார்ந்தவருக்குக் கால்கள் குழிக்குள், மிதிகட்டைமேல் இருக்கும். ஒவ்வொரு முறை எழும்போதும் தொடையும் இடுப்பும் உடம்பின் முழு எடையையும் தூக்கியாக வேண்டும். தறியை விட்டு நாற்காலிக்கு வந்துவிட்டால் அந்த வேலை நின்றுபோகிறது. முப்பது வயதுக்கு மேல் பத்து ஆண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது. அறுபதுக்குப் பிறகு இந்த வேகம் கூடும். அதைவிடக் கவலை தருவது படுக்கை. அமெரிக்காவில் 2007-இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஆரோக்கியமான முதியவர்களைப் பத்தே நாள் படுக்கையில் இருக்கச் செய்தார்கள். காலில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போய்விட்டது. காய்ச்சலுக்குப் படுத்த பாட்டி எழுந்து நடக்கத் தடுமாறுவது ஏன் என்று இப்போது புரியும். “ரெஸ்ட் எடுங்கம்மா” என்று அன்போடு சொல்லிச் சொல்லியே நாம் அவர்களின் காலைப் பலவீனமாக்குகிறோம்.

சாப்பாடும் சேர்ந்துகொள்கிறது. “வயசாயிடுச்சு, ரசம் சாதம் போதும்” என்பது நம் வீடுகளில் கேட்டுப் பழகிய பேச்சு. ஆனால் தசையைக் காப்பாற்ற முதியவருக்கு இளைஞரைவிடச் சற்று அதிகமாகவே புரதம் வேண்டும். சிறுநீரகக் கோளாறு இல்லாதவருக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கிராம் முதல் 1.2 கிராம் வரை. சுண்டல், முட்டை, மீன், தயிர், நிலக்கடலை எல்லாம் அறுபதைத் தாண்டிய தட்டில்தான் தவறாமல் இருக்க வேண்டும்.

தசைக்கு அடுத்தது சமநிலை. நிற்பது எளிய காரியம் போலத் தெரிகிறது. கண் தரும் செய்தி, உள்காது தரும் செய்தி, பாதத்திலும் மூட்டிலும் உள்ள நரம்புகள் தரும் செய்தி, மூன்றையும் மூளை நொடிக்கு நொடி ஒப்பிட்டுத்தான் நம்மை நிமிர்த்தி வைத்திருக்கிறது. சர்க்கரை நோயில் பாதத்தின் உணர்வு மங்குகிறது. கண்புரையில் படியின் விளிம்பு மறைகிறது. இரண்டும் இருப்பவருக்கு மின்வெட்டு இரவில் உள்காது ஒன்றுதான் துணை.

இரவு இரண்டு மணிக்குச் சிறுநீர் கழிக்க எழுபவரை எடுத்துக்கொள்ளுங்கள். படுத்திருந்தவர் சட்டென்று எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேலான ரத்தம் கால்களிலும் வயிற்றுப் பகுதியிலும் இறங்கித் தேங்குகிறது. இளம் வயதில் ரத்தக் குழாய்கள் உடனே சுருங்கி இதைச் சரிக்கட்டிவிடும். வயதானவர்களுக்கு, அதிலும் ரத்தக்கொதிப்பு மாத்திரையோ புராஸ்டேட் மாத்திரையோ சாப்பிடுபவர்களுக்கு, சில நொடிகள் தாமதமாகும். அந்தச் சில நொடியில் கண் இருட்டிக்கொண்டு வருகிறது. எதிரே ஈரத் தரை. கழிப்பறை மேடைக்கு ஒரு படி ஏற வேண்டும். கதவோ உள்பக்கமாகத் திறப்பது. விழுந்தவரின் உடம்பே கதவை அடைத்துக்கொண்டால் வெளியில் இருப்பவர் தள்ளித் திறக்கவும் முடியாது. தாழ்ப்பாள் வேறு போட்டிருப்பார்.

உலகம் முழுவதும் ஆண்டுக்கு 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். விபத்துச் சாவுகளில் சாலைக்கு அடுத்த இடம் இதற்குத்தான். இடுப்பெலும்பு முறிந்தவருக்கு உயிர் பிழைத்தாலும் பழைய நடை திரும்புவது கஷ்டம்.

நல்ல செய்தி, விழுவதில் கணிசமான பகுதியை வீட்டிலேயே தடுக்கலாம். உடற்பயிற்சி விழுவதை 23 சதவீதம் குறைப்பதாக 2019-இல் காக்ரேன் அமைப்பு பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னது. வீட்டிலுள்ள இடர்களை நீக்கினால் 26 சதவீதமும், ஏற்கெனவே விழுந்து எழுந்தவர்கள் போன்ற ஆபத்து மிகுந்தவர்களிடம் 38 சதவீதமும் குறைகிறது என்று அதே அமைப்பின் 2023 தொகுப்பு சொல்கிறது. இவ்வளவு பலன் தரும் ஒரு மாத்திரை வந்திருந்தால் ஊரே வாங்கியிருக்கும். கழிப்பறைச் சுவரில் ஒரு துருப்பிடிக்காத எஃகுக் கைப்பிடி, 17 முதல் 19 அங்குல உயரத்தில் உட்காருமிடம், வெளிப்பக்கம் திறக்கும் கதவு, கட்டிலிலிருந்து கழிப்பறை வரை அணையாத சிறு விளக்கு, படி விளிம்பில் மஞ்சள் பெயின்ட் கோடு. கொத்தனாருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் ஓரிரு நாள் வேலை.

இன்று மாலையே ஒரு சோதனை செய்து பாருங்கள். கை வைக்காத, 17 அங்குல உயர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, வீட்டுப் பெரியவரை மார்பின் குறுக்கே கைகளைக் கட்டி உட்காரச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். அரை நிமிடத்தில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்காருகிறார்? 70 முதல் 74 வயதுள்ள ஆண் 12 முறைக்கும், பெண் 10 முறைக்கும் குறைவாக எழுந்தால் விழும் வாய்ப்பு கூடுதல். கையை ஊன்றாமல் எழவே முடியவில்லை என்றால் இயன்முறை மருத்துவரிடம் காட்டுங்கள். சோதனையாகச் செய்த இந்த எழுந்து உட்காருவதுதான், தினமும் செய்தால் சிகிச்சையும்கூட.

மருத்துவரைத் தேடிப் போக முடியாதவர்களுக்கு அரசே வீட்டுக்கு வருகிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்தக்கொதிப்பு, சர்க்கரை மாத்திரைகளோடு இயன்முறைச் சிகிச்சையும் வலிதணிப்புச் சிகிச்சையும் வீட்டிலேயே கிடைக்கின்றன. வயிற்றறை வழியாகச் சுயமாக டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு அதற்கான திரவப் பைகளும் வருகின்றன. இத்திட்டத்துக்கு 2024-இல் ஐ.நா. விருது கிடைத்தது. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் ரேஷன் பொருளும் முதியோர், மாற்றுத்திறனாளிகள் வீட்டு வாசலுக்கு வருகிறது. முதியோருக்கென்று நாட்டிலேயே முதல் புறநோயாளிப் பிரிவை 1978-இல் சென்னைப் பொது மருத்துவமனையில் தொடங்கியவர் டாக்டர் வி.எஸ்.நடராஜன். கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. இந்த விஷயத்தில் நம் ஊர் பின்தங்கி இல்லை.

ஆனாலும் எனக்கு ஒரு கவலை. எல்லாம் வீட்டுக்கு வருகிறது. வீட்டிலிருந்து வெளியே போகத்தான் வழி இல்லை. கோயில், டீக்கடை, பேரன் பள்ளி என எதற்கும் அந்த நாலு படி இறங்கியாக வேண்டுமே!

சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு இது இன்னும் கொடுமை. சாய்தளம் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவில் இருக்க வேண்டும்; ஓர் அங்குலம் உயர, ஓர் அடி நீளம். மூன்றடி உயர வாசலுக்கு 36 அடி சாய்தளம் வேண்டும். அனகாபுத்தூர் தெருவில் 36 அடிக்கு எங்கே போவது? ஐ.ஐ.டி. மெட்ராஸில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் குழுவினர் நின்றபடி இருக்க உதவும் ‘அரைஸ்’ நாற்காலியை 2019-லும், ஒன்பதே கிலோ எடையுள்ள ‘ஒய்டி ஒன்’ நாற்காலியை 2025-லும் கொண்டுவந்தார்கள். உலகத் தரமான வேலை. அந்த நாற்காலியும் நம் வாசலில் வந்து நின்றுவிடும்.

சுயமாக வாழ்வது என்றால் எல்லாவற்றையும் தானே செய்வது என்று பலர் நினைக்கிறார்கள். போலியோவால் கழுத்துக்குக் கீழே செயலிழந்து, இரும்பு நுரையீரல் கருவியில் தூங்கிய எட் ராபர்ட்ஸ், 1972-இல் அமெரிக்காவின் பெர்க்லியில் சுயவாழ்வு மையத்தைத் தோழர்களோடு தொடங்கியபோது வேறு பொருள் சொன்னார். உதவி யாருடையதாகவும் இருக்கலாம், முடிவு என்னுடையதாக இருக்க வேண்டும். நம் ஊரில் எஸ்.ராமகிருஷ்ணன் 1975-இல் கடற்படைத் தேர்வின்போது கழுத்தில் அடிபட்டு, கை கால் செயலிழந்தார். 1981-இல் தென்காசி அருகே ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்கான அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். இந்தியா 2007-இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 19-ஆவது பிரிவு, சமூகத்தோடு கலந்து சுயமாக வாழ்வதை மாற்றுத்திறனாளியின் உரிமை என்றே எழுதியிருக்கிறது. கருணையால் கொடுப்பது என்று எழுதவில்லை.

எனவே கட்டுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உயரத்தைக் குறைக்கச் சொல்லவில்லை, வெள்ளம் பொய்யில்லை. படியை ஆறு அங்குலமாக்குங்கள், அகலத்தை ஓர் அடியாக்குங்கள், இரண்டு பக்கமும் கைப்பிடி வையுங்கள். படி இரண்டு கூடும். வண்டி நிறுத்துமிடம் கொஞ்சம் குறையும். பரவாயில்லை.

வீட்டை உயர்த்த வைப்பதில் ஏறிக்கொண்டே வரும் தெருவுக்கும் பங்கு உண்டு. அனகாபுத்தூர் 2021 முதல் தாம்பரம் மாநகராட்சியில் இருக்கிறது. பழைய சாலையைச் சுரண்டி எடுத்த பிறகே புதுச் சாலை போட வேண்டும் என்று தலைமைச் செயலாளர் உத்தரவிட்டதும் அதே 2021-இல்தான். உங்கள் தெருவில் சாலை போடுகிறவர்கள் அடுத்த முறை வரும்போது, சுரண்டும் இயந்திரம் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வராவிட்டால் வேலையைத் தொடங்கும் முன்பே வார்டு கவுன்சிலரைக் கூப்பிடுங்கள்.