வெளியே போகும் வழி எது? வலையமைப்பில் ‘டிஃபோல்ட் ரூட்’



நம் பிள்ளைகள் சிலர் கணினி வலையமைப்பு வேலை பார்க்கிறார்கள். சாமத்தில் தொலைபேசி அடிக்கும். “டிஃபோல்ட் ரூட் ஏரியாவுக்குள் வரவில்லை” என்று யாரோ சொல்ல, பிள்ளை எழுந்து கணினிக்கு முன்னால் இருந்துவிடும். அது என்ன என்று கேட்க நினைத்த பெற்றோருக்கும், இத்தொழிலைப் படிக்கத் தொடங்கியிருக்கும் இளையோருக்குமே இம்மாத உரை.

ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் கடைக்குப் போக நமக்குத் தெருக்கள் தெரியும். ரொறன்ரோவில் ஒரு கலியாணம் என்றால்? அங்குள்ள தெருக்களை இங்கிருந்தே அறிந்திருக்க வேண்டியதில்லை. 18ஆம் இலக்கப் பாதையைப் பிடித்து, நியூ ஜேர்சி டேர்ன்பைக்கின் 9ஆம் வாசலை அடைந்தால் போதும். மிச்சத்தை அதற்கு அப்பால் பார்த்துக்கொள்ளலாம். ரவுட்டருக்கும் அப்படியொரு விதி உண்டு: தெரிந்த இடமென்றால் அதற்குரிய வழி, எதுவும் பொருந்தாவிட்டால் இந்த வழி. இதுதான் டிஃபோல்ட் ரூட். 0.0.0.0/0 என்று எழுதுவார்கள். இணையத்தில் இன்று, ஐ.பி. நான்காம் பதிப்பில் மட்டும், 9 இலட்சத்துக்கு மேற்பட்ட பாதைகள் உள்ளன. ஒரு சிறிய ரவுட்டர் அத்தனையையும் சுமக்காமல் காப்பாற்றுவது இந்த ஒற்றை வரிதான்.

பெரிய நிறுவனங்களின் ரவுட்டர்கள் தமக்குள் வழி சொல்லிக்கொள்ளும் முறைகளில் ஒன்று ஓ.எஸ்.பி.எஃப். இதன் இரண்டாம் பதிப்பின் இப்போதைய வரையறை 1998 ஏப்ரலில் வெளிவந்தது. ஒவ்வொரு ரவுட்டரும் தன் இணைப்புகளையும் அவற்றின் செலவையும் அறிவிக்கும். எல்லோரும் ஒரே வரைபடத்தை வைத்துக்கொண்டு, டைக்ஸ்ட்ரா 1959இல் வெளியிட்ட கணக்கின்படி செலவு குறைந்த பாதையைத் தெரிவர். வரைபடம் பெருத்துவிடாமல் வலையமைப்பை ‘ஏரியா’க்களாகப் பிரிப்பார்கள். நடுவில் இருப்பது ஏரியா 0. மற்றவை அதனோடு தொட்டிருக்க வேண்டும்.

இந்த ஏரியாக்களுக்கு டிஃபோல்ட் ரூட் எப்படிப் போய்ச் சேருகிறது?

சாதாரண ஏரியாக்களுக்கு, இணையத்தோடு பொருந்தியிருக்கும் எல்லை ரவுட்டர்தான் அறிவிக்க வேண்டும். சிஸ்கோ ரவுட்டர்களில் அது தானாக நடக்காது. தன்னிடம் வழி இருந்தாலும், ‘டிஃபோல்ட்-இன்ஃபர்மேஷன் ஒரிஜினேட்’ என்று கட்டளையிட்டால்தான் வாய் திறக்கும். திறந்தபின் அச்செய்தி ஏரியா 0 வழியாகச் சாதாரண ஏரியாக்கள் அனைத்துக்கும் பரவும்.

‘ஸ்டப்’ ஏரியா வேறு வகை. வெளிப் பாதைகளின் அறிவிப்புகள் அதற்குள் நுழையா. அதற்குப் பதிலாக, ஏரியா 0ஐத் தொடும் வாசல் ரவுட்டர் “வெளியே போவதென்றால் என்னிடம் வா” என்று தானாகவே அறிவிக்கும். உள்ளிருக்கும் எல்லா ரவுட்டர்களிலும் ‘ஸ்டப்’ என்று குறித்திருக்க வேண்டும். ஒன்றில் விட்டுப்போனால் அது அயலவர்களோடு சேராது. ‘என்.எஸ்.எஸ்.ஏ.’ என்ற இன்னொரு வகையில், சிஸ்கோவில் வாசல் ரவுட்டருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பலர் தடுக்கி விழும் இடம் இதுதான்.

நம் யாழ்ப்பாணக் குடாநாட்டை நினைத்துப் பாருங்கள். 2002இல் ஏ9 வீதி திறந்தபோது, தெற்கே எங்கு போவதென்றாலும் ஆனையிறவால்தான் போனோம். 2006 ஆகஸ்டில் முகமாலையில் அது மூடப்பட்டது. கண்டி வீதி என்ற பெயர் அப்படியே இருந்தது, வழிதான் இல்லை. கப்பலும் விமானமும்தான் மிஞ்சின.

வலையமைப்பிலும் இதே ஆபத்து உண்டு. மேற்சொன்ன கட்டளையோடு ‘ஓல்வேய்ஸ்’ என்று சேர்த்தால், எல்லை ரவுட்டர் தனக்கே வழி இல்லாதபோதும் “என்னிடம் வா” என்று சொல்லிக்கொண்டிருக்கும். எல்லோரும் அதை நம்பி அனுப்புவார்கள். அனுப்பியதெல்லாம் அங்கே கைவிடப்படும். அச்சொல் இல்லாவிட்டால், வழி போனதும் அறிவிப்பும் நின்றுவிடும். ஸ்டப் ஏரியாவின் வாசல் ரவுட்டரும் நிறுவனத்தின் இணைய இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதில்லை. கையால் எழுதிவைத்த வழியிலும் கவனம் தேவை: பக்கத்துக் கம்பி உயிரோடிருக்க, அதற்கப்பால் எல்லாம் செத்திருக்கலாம். ஆகவே வெளியே ஓர் இடத்தை அடிக்கடி தொட்டுப் பார்த்து, பதில் வராவிட்டால் வழியை நீக்கும்படி அமைப்பது நல்லது.

2011 சனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தபின் குடாநாட்டுக்குப் பூநகரி வழியாக இரண்டாவது தரைவழி கிடைத்தது. ஏரியாவுக்கும் இரண்டு வாசல்கள் வைத்து, ஒன்றுக்குக் குறைந்த செலவும் மற்றதற்குக் கூடிய செலவும் கொடுத்தால், முதலாவது விழுந்ததும் போக்குவரத்து மற்றதால் போகும்.

தொழில் பழகும் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான். டிஃபோல்ட் ரூட்டை அறிவிப்பது பிறருக்குக் கொடுக்கும் வாக்கு. வழி உண்டு என்று சொல்லுமுன், அது உண்மையில் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அது மூடினால் உங்கள் அறிவிப்பும் நிற்குமா என்பதையும், சாமத்து அழைப்பு வருமுன், ஒரு பகற்பொழுதில் இணைப்பைக் கழற்றிச் சோதித்துவிடுங்கள்.

மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம்.