கோழி வாட்டலாம், சருகு எரிக்கலாமா?

விடுமுறைக்குச் செர்டாங்கில் உள்ள பாட்டி வீட்டுக்குப் போனால், சாயங்காலம் கட்டாயம் புகை வாசம் வரும். ரம்புத்தான் மரத்தடிச் சருகைக் கூட்டிக் கொல்லையில் நெருப்பு வைப்பது பாட்டியின் பழக்கம். பக்கத்து வீட்டுத் தம்பிக்கு ஆஸ்துமா. புகை எழுந்ததும் அவன் அம்மா ஜன்னலைச் சாத்திவிடுவார். பாட்டியிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

போன விடுமுறையில் அதே கொல்லையில் பார்பிகியூ செய்ய நண்பர்களை அழைத்தேன். சட்டம் இடம் தருமா என்று தேடிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. கோழி வாட்டுவது குற்றமில்லை. பாட்டி எரிக்கும் சருகுதான் குற்றம்!

1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 29ஏ பிரிவு திறந்தவெளி எரிப்பைத் தடை செய்கிறது. 2024இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பின் அபராதம் 10 லட்சம் ரிங்கிட் வரை போகலாம். 5 ஆண்டுவரை சிறையும் உண்டு. நம் நிலத்தில் வேறொருவர் எரித்தாலும் வீட்டுக்காரர் பதில் சொல்ல வேண்டி வரும்.

உணவு வாட்டுதல், சமயச் சடங்கு, தகனம் ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. குப்பை வண்டியே வராத இடங்களில் வீட்டுச் சருகை எரிக்கவும் விலக்கு இருக்கிறது. ஆனால் கெடாவில் 2011 முதல் திடக்கழிவு நிர்வாகச் சட்டம் அமலில் உள்ளது. பாட்டியின் தாமானுக்கு வண்டி வருகிறது. தோட்டக் கழிவையும் எடுக்கிறது. ஆகவே அந்த விலக்கு நமக்குப் பொருந்தாது.

பார்பிகியூ செய்வோரும் கவனமாக இருக்க வேண்டும். அடுப்பைக் கூரை, வேலி, காய்ந்த புல் ஆகியவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். பெட்ரோல் ஊற்றாதீர்கள். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும். முடிந்ததும் கரியில் நீர் ஊற்றிக் கிளறி, சூடு முழுதும் தணிந்த பிறகே நகருங்கள். தீ கைமீறினால் உடனே 999க்கு அழையுங்கள்.

பாட்டியிடம் அபராதத்தைச் சொன்னேன். "அறுபது வருஷமா எரிக்கிறேன், யாருய்யா வந்து கேட்டா?" என்றார். பக்கத்து வீட்டு ஜன்னலைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அந்தப் பிள்ளைக்கா?" என்று மட்டும் கேட்டார்.

இப்போது சருகு வாழை மரத்தடியில் குழியில் மக்குகிறது. கிளைகளைக் கட்டி வாசலில் வைக்கிறோம். "கொசுவுக்கு என்ன செய்ய?" என்றார் பாட்டி. பூச்சட்டித் தட்டுகளில் தேங்கிய நீரைக் கொட்டிக் காட்டினேன். உங்கள் வீட்டிலும் சருகு எரிப்பவர் இருந்தால், அபராதத்தைச் சொல்வதற்கு முன் பக்கத்து வீட்டைப் பற்றிப் பேசிப் பாருங்கள்.