மின்சாரக் கார்: வாங்கும் விலை தெரியும், விற்கும் விலை?

தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டதிலிருந்து நமது பகுதி வர்த்தகர்கள் மத்தியில் ஒரு கேள்வி அடிக்கடி எழுகின்றது. மின்சாரக் கார் ஒன்று எடுக்கலாமா? பெற்றோல் செலவு மிச்சமாகும் என்பதில் சந்தேகமில்லை. வீட்டுக் கூரையில் சூரியப் படல் இருந்தால் இன்னும் நல்லது. எனினும் கேள்வி கேட்பவர்கள் கணக்கின் ஒரு பக்கத்தை மட்டுமே பார்க்கின்றார்கள். ஐந்து வருடம் ஓடிய பின்னர் அந்தக் காரை யார், என்ன விலைக்கு வாங்குவார் என்பதே மறுபக்கம்.

2020 மார்ச்சில் இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் சுமார் ஐந்து வருடங்கள் நம் நாட்டில் பழைய வாகனங்களின் விலை ஏறிக்கொண்டே சென்றது. வாங்கிய விலையை விடக் கூட்டி விற்றவர்கள் பலர். கார் என்பது ஓடித் தேயும் பொருள் அல்ல, தங்கம் போன்ற சேமிப்பு என்ற எண்ணம் அப்போதுதான் வேரூன்றியது. அது தடை தந்த விலை. தடை நீங்கிய பின்னரும் அதே எண்ணத்துடன் கைமுதலைப் போடுவதுதான் ஆபத்து.

இலங்கையில் ஒரு காரின் விலையைத் தொழிற்சாலை தீர்மானிப்பதை விட வர்த்தமானியே அதிகம் தீர்மானிக்கின்றது. மின்சாரக் காருக்கான உற்பத்தி வரி அதன் மோட்டாரின் கிலோவாட் அளவையும் வாகனத்தின் வயதையும் வைத்துக் கணிக்கப்படுகின்றது. அதன் மேல் 18 சதவீத பெறுமதி சேர் வரி. விலை கூடிய வாகனமாயின் ஆடம்பர வரியும் சேரும். மோட்டாரின் அளவு எவ்வளவு பெரிய விடயம் என்பதை 2025இல் பீவைடி நிறுவனத்தின் அட்டோ 3 கார்கள் தொடர்பில் எழுந்த பிணக்கு காட்டியது. 100 கிலோவாட் எனக் காட்டப்பட்ட மோட்டார் உண்மையில் 150 கிலோவாட்டா என்று சுங்கத் திணைக்களம் கேள்வி எழுப்பியது. இறக்குமதியாளர் அதனை மறுத்தார். ஏறத்தாழ ஆயிரம் வாகனங்கள் தேங்கி, விடயம் மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்று, வங்கி உத்தரவாதத்தின் பேரில் அவை விடுவிக்கப்பட்டன. எந்த நிறுவனத்தின் காராக இருந்தாலும் பதிவுப் புத்தகத்தில் மோட்டாரின் அளவு என்னவென்று எழுதப்பட்டுள்ளது என்பதைப் பணம் கொடுக்கும் முன்னர் பார்ப்பது நல்லது.

வரி மாறினால் வீட்டில் நிற்கும் காரின் விலையும் மாறும். இது நமக்குப் புதியதல்ல. 2014, 2015 காலப்பகுதியில் வரி குறைவாக இருந்ததால் நிசான் லீஃப் கார்கள் கப்பல் கப்பலாக வந்திறங்கின. 2015 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் வரி ஏற்றப்பட்டது. 2017 நவம்பரில் நிதியமைச்சர் மங்கள சமரவீர, மின்சாரக் கார்களின் இறக்குமதி வரி குறைந்தது பத்து இலட்சம் ரூபாவால் குறைக்கப்படும் என அறிவித்தார். வரி ஏறினால் கையில் கார் உள்ளவருக்கு இலாபம், இறங்கினால் அவருக்கே நட்டம். 2022இல் எரிபொருள் வரிசை நீண்டபோது லீஃபுக்கு மீண்டும் மவுசு வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

உலகச் சந்தையிலும் இதே கதைதான். 2023இல் டெஸ்லா புதிய கார்களின் விலையைத் திரும்பத் திரும்பக் குறைத்தது. பழையவற்றின் விலையும் கூடவே சரிந்தது. அமெரிக்காவின் ஹேர்ட்ஸ் வாடகைக் கார் நிறுவனம் 2024 ஜனவரியில் சுமார் 20,000 மின்சாரக் கார்களை விற்றுத் தள்ள முடிவு செய்தது. அவ்வளவு பெரிய நிறுவனமே தப்புக் கணக்குப் போட்டிருக்கின்றது. முராபஹா முறையில் கார் எடுப்போர் இதனைக் கவனிக்க வேண்டும். வட்டி இல்லை என்பது உண்மை. ஆனால் ஒப்புக்கொண்ட விற்பனை விலை சந்தை சரிந்தாலும் குறையாது. மூன்றாம் வருடத்தில் விற்க நேர்ந்தால் கார் தரும் தொகை மீதிக் கடனுக்குப் போதாமல் போகலாம்.

இனி பெற்றரி. லீஃப் 24 கிலோவாட் மணி கார் புதிதாக இருந்தபோது அமெரிக்க அளவீட்டின்படி ஒரு சார்ஜில் சுமார் 135 கிலோமீற்றர் ஓடும். புத்தளத்திலிருந்து கொழும்பு ஏறத்தாழ 130. அந்தக் காரின் பெற்றரிக்குக் குளிரூட்டும் ஏற்பாடு கிடையாது. நமது வெயிலில் அது விரைவில் தேயும். பெற்றரியின் நிலையைக் காட்டும் 12 கட்டங்களில் மூன்று போய்விட்டால் கொள்ளளவில் கால் பங்குக்கு மேல் போய்விட்டது என்று அர்த்தம். பிறகு நீர்கொழும்புக்குச் சேர்வதே சிரமம். பெற்றரியைத் திரவத்தால் குளிரூட்டும் புதிய கார்கள் இந்த வகையில் எவ்வளவோ மேல்.

பாவித்த கார் விற்பனையில் ஒரு மோசடியும் உண்டு. பெற்றரிக் கணினியை மீளமைத்தால் தேய்ந்த பெற்றரியும் சில வாரங்களுக்கு 12 கட்டங்களையும் காட்டும். தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் இருந்த ஈரத்தை ஏன் மேலே வைக்கவில்லை என்று வணிகரிடம் நபி (ஸல்) அவர்கள் கேட்ட சம்பவம் நாம் அறிந்ததே. அந்த ஈரம்தான் இது. விற்பவர் சொல்லாவிட்டால், காரில் பொருத்திக் கைத்தொலைபேசியில் வாசிக்கும் சிறு கருவி சொல்லிவிடும். ஒவ்வொரு கலத்தின் மின்னழுத்தத்தையும் தனித்தனியே பாருங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் வெள்ளத்தில் எத்தனை வாகனங்கள் மூழ்கின என்பதையும் நினைவில் வையுங்கள். இருக்கைப் பட்டியைக் கடைசி வரை இழுத்தால் சேற்றுக் கறை அங்கே தங்கியிருக்கும்.

விற்பனையாளர் அதிகம் புகழ்வது சாரதிக்கு உதவும் கருவிகளைத்தான். தானே பிரேக் பிடிக்கும், தானே பாதைக்குள் நிற்கும் என்பார். பாதையில் கோடு தெளிவாக இருந்தால்தான் கமெரா கோட்டைப் பார்க்கும். பாலாவியிலிருந்து கற்பிட்டி செல்லும் வீதியில் மணல் ஏறிய ஓரங்களில் அது எந்தக் கோட்டைப் பார்க்கும்? ஐரோப்பியப் பரிசோதனைகள் கார், பாதசாரி, சைக்கிள் ஆகியவற்றை முன்னிறுத்தி நடத்தப்படுபவை. இருட்டில் வீதி நடுவே நிற்கும் நமது கழுதைக்கும், குறுக்கே திரும்பும் முச்சக்கரவண்டிக்கும் அவற்றில் உத்தரவாதமில்லை. இல்லாத ஒன்றைக் கண்டு திடீரென பிரேக் பிடித்தால் பின்னால் வரும் மீன் லொறியின் நிலை என்ன? 2025 மார்ச்சில் சீனாவில் உதவிக் கருவி இயங்கிக்கொண்டிருந்த ஷாவ்மி கார் விபத்தில் மூன்று மாணவிகள் உயிரிழந்தனர். கார் எச்சரித்தது சில வினாடிகளுக்கு முன்னர்தான். மறுமாதமே, தானே ஓடும் கார் என்ற பாணியில் விளம்பரம் செய்வதைச் சீன அரசு கட்டுப்படுத்தியது.

ஆகவே இந்த வசதிகளுக்காக மட்டும் சில இலட்சங்கள் கூடுதலாகக் கேட்கப்பட்டால், நமது வீதிகளில் அந்தப் பணம் திரும்பி வராது என்பதே எனது கருத்து. காரைப் பின்னர் விற்கும்போதும் நமது ஊரில் பெற்றரியைத்தான் பார்ப்பார்கள், கமெராவை அல்ல. போதாததற்கு, கல் பட்டு முன் கண்ணாடி உடைந்தால் கண்ணாடியோடு வேலை முடியாது. கமெராவை மீண்டும் அளவுதிருத்த வேண்டும். அந்த வேலையைப் புத்தளத்தில் செய்வார்களா, கொழும்புக்குத்தான் கொண்டு போக வேண்டுமா, எவ்வளவு செலவாகும் என்பதை முற்பணம் கொடுக்கும் முன்னரே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.