திரும்பி வரவேண்டிய கப்பல்

ஒரு கப்பல் நெடும்பயணத்துக்குத் தாங்குமா என்ற கேள்வி வந்தால், நம்மவர்கள் முதலில் விசாரிப்பது அதன் வயதை, அடுத்தது அதன் பருமனை. பழசு என்றால் பயம், பெரிசு என்றால் நம்பிக்கை. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் இந்தக் கேள்விக்கு இரண்டு முகங்கள் உண்டு. 2023 ஜூனில் சென்னையிலிருந்து புறப்பட்ட எம்பிரஸ் என்ற உல்லாசக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை வழியாகக் காங்கேசன்துறைக்கும் வந்தது. கப்பற் சுற்றுலா என்பது பரந்தனில் பஸ் ஏறி எட்டக்கூடிய விடயமாயிற்று. அதற்கு ஏழு மாதங்களுக்கு முன்னர், 2022 நவம்பரில், கனடா போவதற்கென்று லேடி ஆர்3 என்ற கப்பலில் ஏறிய 303 இலங்கையர் வியட்நாமுக்கு அப்பாலுள்ள கடலில் தண்ணீர் புகுந்த நிலையில் காப்பாற்றப்பட்டனர். அவர்களிற் பெரும்பாலானோர் வடக்கைச் சேர்ந்தவர்கள். இரண்டு பயணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வயதும் பருமனும் பிறகு கேட்கவேண்டியவை என்பது தெரியும். அந்தக் கப்பல் பத்திரமாகத் திரும்பி வரவேண்டும் என்று தன் சொந்த நலனுக்காகவே கவலைப்படுகிற ஒருவர், அது வராவிட்டால் சட்டத்தின்முன் பதில் சொல்லவேண்டிய ஒருவர், கரையில் இருக்கிறாரா என்பதையே முதலில் கேட்கவேண்டும்.

வயதை எடுத்துக்கொள்வோம். காங்கேசன்துறைக்கு வந்த எம்பிரஸ் 1990இல் பிரான்சில் கட்டப்பட்டது. வரும்போது அதற்கு 33 வயது. இன்றைய பெரிய உல்லாசக் கப்பல்களோடு ஒப்பிட்டால் சிறியது. ஆனாலும் ஒழுங்காக ஓடியது. மறுபக்கம், 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே தீப்பற்றிப் பின்னர் மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் சேவைக்கு வந்து சில மாதங்களே ஆன புத்தம்புதுக் கப்பல். 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையில் பாறையில் மோதி 32 உயிர்களைப் பலிகொண்ட கொஸ்தா கொன்கோர்டியா, ஆறே வயதான மிகப் பெரிய உல்லாசக் கப்பல். 2007 நவம்பரில் அந்தாட்டிக் கடலில் பனிக்கட்டியில் மோதி மூழ்கிய எக்ஸ்ப்ளோரரோ 1969இல் கட்டப்பட்ட சிறிய கப்பல். அதிலிருந்த 154 பேரும் உயிர் தப்பினர். எல்லோருக்கும் இடமிருந்த உயிர்காப்புப் படகுகளில் இறங்கி, சில மணி நேரம் குளிரில் காத்திருந்து, உதவிக்கு வந்த இன்னொரு கப்பலில் ஏறினர். பழைய சிறிய கப்பல் மூழ்கியும் ஒருவரும் சாகவில்லை, புதிய பெரிய கப்பல் கரையோரத்திலேயே ஆட்களைக் கொன்றது. வானிலையும் அதிர்ஷ்டமும் இதில் பங்கெடுத்தன என்பது உண்மை. ஆனால் படகும் ஒத்திகையும் அபாய அழைப்பும் முன்கூட்டியே ஏற்பாடாகியிருக்காவிட்டால் அதிர்ஷ்டம் எதைக் காப்பாற்றியிருக்கும்?

இந்த ஏற்பாடு தானாக வருவதில்லை. 1912இல் டைட்டானிக் மூழ்கியபின் உருவான சோலாஸ் என்ற சர்வதேச உடன்படிக்கை, பன்னிரண்டுக்கு மேற்பட்ட பயணிகளைச் சர்வதேசப் பயணத்தில் ஏற்றுகிற எதையும் பயணிகள் கப்பலாகக் கருதுகிறது. அப்படியான கப்பல் ஆண்டுதோறும் பரிசோதனைக்கு உட்பட்டுப் பாதுகாப்புச் சான்றிதழைப் புதுப்பிக்கவேண்டும். குறித்த காலத்துக்கொருமுறை உலர்துறையில் ஏற்றி அடிப்பாகத்தைப் பார்க்கவேண்டும். பழைய கப்பலென்றால் இரும்புத் தகடு உப்பில் அரிபட்டு எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதைக் கருவி வைத்து அளக்கவேண்டும். ஏறியிருக்கும் ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு அங்கி, அதற்குமேல் குழந்தைகளுக்கான அளவில் தனியாக அங்கிகள் வேண்டும். எளிதில் தீப்பிடிக்கும் பொருள்களால் கட்டப்பட்ட பழைய பயணிகள் கப்பல்கள் 2010 ஒக்ரோபருக்குப் பின்னர் சர்வதேசப் பயணத்தில் ஓட முடியாதபடி விதி இறுகியது. இவ்வளவு செலவையும் ஒரு கம்பனி ஏன் தாங்குகிறது? அடுத்த கிழமையும் அதே கப்பலில் ஆட்களை ஏற்றவேண்டும் என்பதற்காக. கொடி கொடுத்த நாடும் காப்புறுதிக் கம்பனியும் துறைமுக அதிகாரியும் தடுத்துவைத்துவிடுவார்கள் என்ற பயத்துக்காக. எக்ஸ்பிரஸ் பேர்ள் எரிந்தபோது நமது கடலும் மீனவரும் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆனாலும் அதற்கு ஒரு பெயர், ஒரு கொடி, ஓர் உரிமையாளர், ஒரு காப்புறுதி இருந்தபடியால்தான் 2025 ஜூலையில் நமது உயர் நீதிமன்றம் நூறு கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்தும்படி உத்தரவிட முடிந்தது.

இனி, ஆட்களைக் களவாகக் கடல்வழியே அனுப்பும் ஏஜென்சிக்காரர் சொல்லும் கப்பலைப் பாருங்கள். 2010 ஓகஸ்ட் 13ஆம் திகதி கனடாவின் மேற்குக் கரைக்குக் கொண்டுவரப்பட்ட சன் சீ, முன்னர் ஹரின் பனிச் 19 என்ற பெயரில் தாய்லாந்தில் ஓடிய பழைய சரக்குக் கப்பல். நீளம் 60 மீற்றருக்கும் குறைவு. அதற்குள் 492 தமிழர், அவர்களில் 49 பேர் சிறுவர். சரக்குக் கப்பலொன்று சட்டப்படி ஏற்றக்கூடிய பயணிகள் பன்னிரண்டு பேர், இதில் ஏற்றியிருந்தது அதைப்போல் 41 மடங்கு. ஏறக்குறைய மூன்று மாதம் கடலில் கிடந்தார்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று லீற்றர் குடிதண்ணீர் என்று கணக்குப் போட்டாலும் ஒன்றேகால் இலட்சம் லீற்றருக்கு மேல் வேண்டும். ஆடி, ஆவணி வரட்சியில் நமது கிராமங்களுக்கு வருகிற 5,000 லீற்றர் பவுசரில் 26 பவுசர் தண்ணீர் அது. சமைக்கவும் கழுவவும் தேவையானதை இன்னும் சேர்க்கவில்லை. வழியில் ஒருவர் இறந்தார். கனடிய உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பில் பதிவாகியிருக்கும் இன்னொரு விடயம் இதைவிட யோசிக்கவைக்கிறது. பயணம் தொடங்குமுன்பே தாய்லாந்து மாலுமிகள் கப்பலைக் கைவிட்டுப் போய்விட்டார்கள். பசிபிக் சமுத்திரத்தைக் கடக்கும்போது இயந்திர அறையில் நின்று வெப்பநிலையையும் நீர்மட்டத்தையும் எண்ணெய் அழுத்தத்தையும் பார்த்துக்கொண்டவர்களில் பயணிகளும் இருந்தார்கள். கப்பலைப் பற்றி நன்கு தெரிந்தவர்கள் இறங்கிப் போய்விட்டார்கள், காசு கொடுத்து ஏறியவர்கள் அதை ஓட்டினார்கள்.

கடத்தற்காரர் பழைய கப்பலைத் தேடி வாங்குவதற்குக் காரணம் வறுமை அல்ல. ஆளுக்கு இருபதாயிரம், முப்பதாயிரம் கனடிய டொலர் வாங்கிய பயணம் அது. போய்ச் சேர்ந்த இடத்தில் கப்பல் பறிமுதலாகும் என்பது வாங்கும்போதே அவர்களுக்குத் தெரியும். திரும்பி வரத் தேவையில்லாத கப்பலுக்கு யார் தகடு மாற்றுவார், யார் பம்பு பூட்டுவார்? ஒரே ஒரு தடவை, அதுவும் கரை தெரியும் வரை மிதந்தாற் போதும் என்பதே அவர்களின் அளவுகோல். லேடி ஆர்3 அந்த அளவுகோலுக்கும் எட்டவில்லை. கடலில் ஆட்களை அடுக்கிய கலம் ஏன் கவிழ்கிறது என்பதை வலைக்குப் போகிற எவரும் புரிந்துகொள்வர். மேல்தட்டில் ஆட்கள் கூடக்கூடப் பாரம் மேலே ஏறுகிறது. அடியில் புகுந்த தண்ணீர், கலம் சாயும் பக்கமே ஓடிச் சாய்வை இன்னும் கூட்டுகிறது. தூரத்தில் ஒரு கப்பல் தெரிந்தவுடன் எல்லோரும் ஒரே பக்கம் ஓடுவதும் நடக்கும். அந்த நேரத்தில் கீழ் அறையில் பிள்ளைகளோடு இருக்கிற தாய்க்கு மேலே வர ஒரேயொரு ஏணிதான் இருக்கும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதை ஒதுக்கிவிட முடியாது. “சன் சீயில் போனவர்களில் எத்தனையோ பேர் இன்று கனடாவில் குடும்பமாக இருக்கிறார்களே” என்பார்கள். உண்மை, கணிசமானோர் அகதிகளாக ஏற்கப்பட்டார்கள். ஆனால் அவர்கள் மாதக்கணக்கில் தடுப்பிலிருந்தார்கள். இயந்திர அறையில் வேலை செய்தவர் ஆட்கடத்தலுக்கு உதவியவராகக் கருதப்பட்டு, 2015 நவம்பரில் உயர் நீதிமன்றம் அந்த விளக்கத்தைத் திருத்தும் வரை ஐந்து வருடம் வழக்காடவேண்டியிருந்தது. இதற்கிடையில் நிலைமை இன்னும் இறுகியது. கனடா 2012இல் சட்டத்தை மாற்றியது. அரசு குறித்துக்காட்டும் வகையில் கூட்டமாக வந்திறங்குபவர், அகதியாக ஏற்கப்பட்டாலும் ஐந்து வருடத்துக்கு நிரந்தர வதிவிடம் கேட்க முடியாது. அதுவரை குடும்பத்தை அழைக்கவும் வழியில்லை. அவுஸ்திரேலியா 2013இலிருந்து படகில் வருபவரைக் குடியேற்றுவதில்லை. 2014இல் புதுச்சேரியிலிருந்து போன 157 தமிழரைச் சுங்கக் கப்பலிலேயே ஒரு மாதமளவில் அடைத்துவைத்து, பின்னர் நவுறு தீவுக்கு அனுப்பியது. 2010இல் போனவர் ஒருவர் தரும் நம்பிக்கை, இன்று இல்லாத ஒரு சட்டத்தின்மேல் நிற்கிறது.

“வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி அமெரிக்காவுக்கே போகவில்லையா” என்ற பெருமையும் பேச்சில் வரும். போனதுதான். 1938இல் அந்தச் சிறிய பாய்க்கப்பல் மசாசுசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. அதில் இருந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய மாலுமிகள். கடலே தொழிலானவர்கள், காற்றுப் பார்த்துத் துறைமுகம் துறைமுகமாகத் தங்கித் தங்கிப் போனவர்கள். நல்ல ஆட்கள் கையில் சிறிய கப்பலும் நெடுந்தூரம் போகும் என்பதற்கு அது சான்று. கீழ் அறையில் முந்நூறு பேரை அடைப்பதற்கு அது சான்றாகாது. மூன்றாவது எதிர்ப்பே மிகக் கனமானது: “இங்கிருந்து என்ன செய்வது?” காணாமலாக்கப்பட்டவருக்காக கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் வருடக்கணக்காக வீதியில் உட்கார்ந்திருக்கும் தாய்மாரும், நுண்கடன் தவணைக்குப் பயந்து ஒளிக்கும் பெண்களும், படித்து வேலையில்லாத பிள்ளைகளும் உள்ள மண்ணில் இதற்குச் சுலபமான பதில் இல்லை. உயிராபத்து உள்ளவர் புகலிடம் கேட்பது சர்வதேசச் சட்டம் ஏற்ற உரிமை, அதைக் குற்றமென்று எவரும் பழிக்கக்கூடாது. 2024 டிசம்பரில் முள்ளிவாய்க்கால் கடலில் நூற்றுக்கு மேற்பட்ட ரோஹிங்யா மக்களோடு ஒரு படகு வந்தபோது நமது மீனவர்கள் முதலில் உணவும் தண்ணீரும் கொடுத்தார்கள். ஓடிவருபவரின் நிலை நமக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆனால் அந்த உரிமையைக் காட்டி, காணியை ஈடு வைக்கப் பண்ணி, நகையை விற்கப் பண்ணி, திரும்பி வரத் தேவையில்லாத கப்பலில் ஏற்றுகிறவருக்கு எந்த உரிமையும் கிடையாது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை ஏறுமுன் அறிந்திருப்பது நல்லது. 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவருவோர், குடியகல்வோர் சட்டப்படி, அங்கீகரிக்கப்படாத இடத்திலிருந்து நாட்டை விட்டு வெளியேறுவது குற்றம். ஒரு வருடத்திலிருந்து ஐந்து வருடம் வரை சிறையும் 50,000 முதல் 200,000 ரூபா வரை தண்டமும் விதிக்கப்படலாம். ஒழுங்கு செய்தவருக்குத் தனிக் குற்றச்சாட்டு உண்டு. நடைமுறையில் வெறும் பயணியாகப் போனவர் பெரும்பாலும் தண்டத்தோடு தப்புகிறார். ஆனால் படகில் டீசல் ஊற்றினவரும் சாப்பாடு பங்கிட்டவரும் ஒழுங்கு செய்தவராகக் காட்டப்படும் ஆபத்து எப்போதும் இருக்கிறது. பிடிபட்டால் சட்டத்தரணியைக் கேட்கவும், விளங்காத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையொப்பமிட மறுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. வசதியில்லாதவர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். அடி உதை என்றால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்துக்கு முறையிடலாம்.

காசைப் பற்றிப் பலர் தவறாக நினைக்கிறார்கள். சட்டவிரோதப் பயணத்துக்கு எழுதிய உடன்படிக்கையை நீதிமன்றம் பொதுவாக நிறைவேற்றித் தராது, அதனால் சிவில் வழக்கில் காசு மீளுவது கடினம். அதற்காக ஏஜென்சிக்காரர் தப்பிவிட்டார் என்று பொருளில்லை. பொய் சொல்லிப் பணம் பறித்தது தண்டனைச் சட்டக்கோவையின்படி மோசடி, அதற்குப் பொலிஸில் முறையிடலாம். வெளிநாட்டு வேலை என்று சொல்லி வாங்கியிருந்தால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திடம் போகவேண்டும், அதன் இலக்கம் 1989. பயமுறுத்தினால் 2023இல் வந்த சாட்சிகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாப்புக் கோரலாம். வங்கிச் சிட்டை, உண்டியலில் அனுப்பியவரின் தொலைபேசி இலக்கம், வட்ஸ்அப் குரற்பதிவு எதையும் அழிக்கவேண்டாம். காணி உறுதியைக் கையில் கொடுத்தவர் அதன் பிரதியையாவது வைத்திருக்கவேண்டும். வெட்கத்தால் ஒளிக்கும் ஒவ்வொரு மாதமும் ஏஜென்சிக்காரருக்குத்தான் இலாபம்.

காங்கேசன்துறைக்கோ கொழும்புக்கோ வரும் உல்லாசக் கப்பலில் முறையாகச் சீட்டெடுப்பவரும் இதே அளவுகோலை வைக்கலாம். ஒவ்வொரு கப்பலுக்கும் பெயர் மாறினாலும் மாறாத ஏழு இலக்க ஐஎம்ஓ எண் உண்டு. அதைக் கேட்டு வாங்கினால், எந்தத் துறைமுகத்தில் என்ன குறைக்காகத் தடுத்துவைக்கப்பட்டது என்பதை ஈக்வாசிஸ் என்ற இலவசத் தரவுத்தளத்தில் பார்க்கலாம். சிறிய கப்பல் பெருங்கடலில் அதிகமாக உருளும். முதியவருக்கும் இருதய நோயாளருக்கும் மருத்துவர் இருக்கிறாரா, அடுத்த துறைமுகம் எத்தனை நாள் தூரம் என்பவை அறையின் அழகைவிட முக்கியம். சுகாதாரச் செலவைக் காப்புறுதி தாங்குமா என்பதைச் சீட்டெடுக்குமுன் எழுத்தில் வாங்குங்கள். சொன்ன சேவை கிடைக்காவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையிடம் எழுத்தில் முறையிடலாம், ஆனால் நாட்கடத்தாமல் செய்யவேண்டும்.

ஒரு விடயம் இன்னும் இருக்கிறது. ஒருவர் ஏற்கெனவே கடலில் இருக்கிறார், தொடர்பு அறுந்துவிட்டது என்றால், வழக்கு வரும் என்ற பயத்தில் வீட்டார் வாய்மூடி இருக்கக்கூடாது. லேடி ஆர்3 தத்தளித்தபோது தகவல் கொழும்பிலுள்ள கடற்படையின் மீட்பு ஒருங்கிணைப்பு நிலையத்துக்கு எட்டியது. அங்கிருந்து சிங்கப்பூருக்குப் போனது. அருகில் போய்க்கொண்டிருந்த ஹீலியோஸ் லீடர் என்ற ஜப்பானியக் கப்பல் திசை திரும்பி 303 பேரையும் ஏற்றியது. ஆபத்திலுள்ளவரை ஏற்றுவது எந்தக் கப்டனுக்கும் சர்வதேசச் சட்டம் விதித்த கடமை. ஆனால் எங்கே தேடுவதென்று அவருக்குத் தெரியவேண்டும். கடைசியாக அழைத்த செய்மதித் தொலைபேசி இலக்கம், புறப்பட்ட நாளும் இடமும், கப்பலின் நிறம், எத்தனை பேர், குழந்தைகள் எத்தனை: இவற்றை எழுதிவைத்து, 119க்கோ கிட்டிய கடற்படை முகாமுக்கோ அன்றே சொல்லிவிடுங்கள்.